சூடேறி நின்ற எஞ்சின்: ஹெட்டைக் கழற்றும் முன் கேட்க வேண்டிய அளவுகள்

கேள்வி: என்னுடையது 2015 மாடல், 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். 92,000 கி.மீ. ஓடியிருக்கிறது. குடும்பத்தோடு கொடைக்கானல் கிளம்பினோம். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது சிவப்பு வெப்ப விளக்கு எரிந்தது. ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. ஒதுங்க இடம் கிடைக்காமல் இன்னும் இரண்டு கிலோமீட்டர் போல ஓட்டினேன். இழுவை குறைந்து எஞ்சின் தானாக நின்றுவிட்டது. பானெட்டைத் திறந்தால் ஒரே ஆவி. அரைமணி நேரம் கழித்து மூன்று பாட்டில் தண்ணீர் ஊற்றி ஸ்டார்ட் செய்தேன். உதறலோடு ஓடியது, சைலன்சரில் வெள்ளைப் புகை வந்தது. உடனே அணைத்துவிட்டு, ரெக்கவரி வண்டியில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுவந்துவிட்டோம். ஒரு மெக்கானிக் "ஹெட் கேஸ்கெட்தான், 18,000-ல் முடிச்சுடலாம்" என்கிறார். இன்னொருவர் "ஃபுல் எஞ்சின் செய்யணும், 75,000 ஆகும்" என்கிறார். இரண்டு பேருமே எதையும் கழற்றிப் பார்க்கவில்லை. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் இரண்டுமே சரியாக இருக்க வாய்ப்பிருக்கிறது. எது சரி என்று சொல்ல வேண்டியவை சில அளவுகள். அவற்றை எடுக்க அரைநாள் வேலை போதும், ஹெட்டைத் தொடவும் வேண்டாம். (ஹெட் என்பது சிலிண்டர்களை மேலிருந்து மூடும் பாகம். சிலிண்டர்கள் இருக்கும் அடிப்பாகம் பிளாக். இரண்டுக்கும் நடுவே கசியாமல் அடைத்து நிற்கும் தகடுதான் ஹெட் கேஸ்கெட். ஃபுல் எஞ்சின் என்றால் பிஸ்டன், லைனர் வரை பிரித்துச் செய்வது.) அந்த அளவுகளை எடுத்துத் தருபவரிடம் வேலையைக் கொடுங்கள்.

அதற்கு முன் ஒன்று. "ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம்" என்று யார் சாவியைக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். வெள்ளைப் புகை வந்திருக்கிறது என்றால் ஏதோ ஒரு சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம். வண்டி நின்ற இந்த நாட்களில் அது பிஸ்டன் மேல் தேங்கியிருக்கும். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. ஸ்டார்ட்டர் சுற்றி பிஸ்டன் மேலே வரும்போது, அதைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடலாம். கேஸ்கெட்டோடு முடிந்திருக்க வேண்டிய செலவு ஃபுல் எஞ்சின் செலவாவது பெரும்பாலும் அந்த ஒரு சாவித் திருப்பலில்தான்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருவது புகை அல்ல, எஞ்சின் தானாக நின்றது. அலுமினிய பிஸ்டன் சூட்டில் தன்னைச் சுற்றியுள்ள இரும்பு லைனரைவிட அதிகமாக விரியும். குளிர்ந்த நிலையில் இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு தலைமுடியின் கனத்தைவிடக் குறைவான இடைவெளி. அளவு மீறிச் சூடாகும்போது அந்த இடைவெளி சுருங்கும், எண்ணெய்ப் படலமும் மெலியும், பிஸ்டன் லைனரைப் பிடித்துக்கொள்ளும். ஆறியதும் சுருங்கி விட்டுவிடும், எஞ்சின் மறுபடி சுற்றும். ஆனால் பிடித்த இடத்தில் லைனரில் கீறல் விழுந்திருக்கும். உங்கள் வண்டியில் இது நடந்ததா, அல்லது சிலிண்டரில் அழுத்தம் இல்லாமல் போய் இழுக்க முடியாமல் நின்றதா என்பதுதான் 18,000-க்கும் 75,000-க்கும் உள்ள வித்தியாசம். மறுபடி ஸ்டார்ட் ஆனது நல்ல சேதி. பிஸ்டன்களோடு சேர்ந்து சுழலும் கிராங்க் தண்டு இறுகவில்லை. உதறல் ஒன்றோ இரண்டோ சிலிண்டர் வேலை செய்யவில்லை என்பதைக் காட்டுகிறது.

பேட்டரி வயரைக் கழற்றும் முன் ஸ்கேனரைப் போடச் சொல்லுங்கள். பி 0217 (P0217) என்ற பிழைக் குறியீடு, அதாவது 'கோடு', இருந்தால் எஞ்சின் அளவு மீறிச் சூடானதை கம்ப்யூட்டரே பதிந்திருக்கிறது என்று பொருள். பி 0301 முதல் பி 0304 வரை இருந்தால் கடைசி எண்தான் எரியாமல் விட்ட சிலிண்டர். கோடோடு ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற பதிவும் இருக்கும். கோடு விழுந்த நொடியில் கூலன்ட் எத்தனை டிகிரி, வேகம் எவ்வளவு என்று அதில் தெரியும். போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அழித்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. ஆனால் அதில் உள்ள வெப்பநிலை குறைவாக இருந்தால் நிம்மதியடைய வேண்டாம். கூலன்ட் வெளியேறிவிட்ட பிறகு சென்சார் தண்ணீரில் மூழ்கியிருக்காது, வெறும் காற்றிலோ ஆவியிலோ நிற்கும். அப்போது அது காட்டுவது உலோகத்தின் உண்மையான சூடு அல்ல. சிவப்பு விளக்கு எரிந்து, கொஞ்ச தூரத்தில் தானாக அணைந்து, "சரியாயிடுச்சு" என்று நினைத்து ஓட்டி எஞ்சினை இழப்பதும் இப்படித்தான்.

அடுத்து எண்ணெய். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் நுரைத்திருந்தால் எண்ணெயோடு கூலன்ட் கலந்துவிட்டது. எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்மை படிந்திருந்தால் அதை வைத்து முடிவு செய்யக் கூடாது. குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில் காற்றின் ஈரம் அங்கே படிவது வழக்கம். சந்தேகம் இருந்தால் வண்டி இரவு முழுக்க நின்ற பிறகு அடியில் உள்ள ட்ரெயின் போல்ட்டை முழுதாகக் கழற்றாமல் மெல்லத் தளர்த்தச் சொல்லுங்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது, அதனால் கீழே இறங்கி நிற்கும். இருந்தால் முதலில் சொட்டுவது அதுதான். எண்ணெய் சுத்தமாக இருப்பதால் கேஸ்கெட் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. கேஸ்கெட் பல விதமாகப் போகும். தண்ணீர்ப் பாதைக்கும் சிலிண்டருக்கும் நடுவே உடைந்தால் எண்ணெய் சுத்தமாகவே இருக்கும்.

இப்போது நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, எந்த சிலிண்டரில் இருந்தது என்று வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள். நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள். மூன்று பிளக் பழுப்பு நிறத்தில் இருந்து ஒன்று மட்டும் கழுவி எடுத்தது போல இருந்தால் தண்ணீர் இறங்கிய சிலிண்டர் அது. பிளக் இல்லாத நிலையில், இக்னிஷன் காயில் கனெக்டர்களையும் இன்ஜெக்டர் கனெக்டர்களையும் கழற்றிவிட்டு, முதலில் கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் மாட்டிக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். எங்காவது கனமாகப் பிடித்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பிடிக்கவில்லை என்றால் ஸ்டார்ட்டரால் சில நொடிகள் சுற்றலாம். தேங்கிய தண்ணீர் பிளக் ஓட்டை வழியே பீய்ச்சி அடிக்கும், யாரும் மேலே குனிந்து நிற்கக் கூடாது.

இதே ஓட்டை வழியாக மெல்லிய கேமரா ஒன்றை உள்ளே இறக்கலாம். போனில் இணைத்துப் பார்க்கும் எண்டோஸ்கோப் கேமரா இப்போது பல பட்டறைகளில் இருக்கிறது, விலையும் அதிகமில்லை. இந்தச் சோதனையை மட்டும் தவிர்க்கவே தவிர்க்காதீர்கள். 90,000 கி.மீ. ஓடிய எஞ்சினில் பிஸ்டன் தலை கரிபடிந்து கறுப்பாக இருக்கும். கூலன்ட் கசிந்த சிலிண்டரில் ஆவி கரியைக் கழுவிவிடுவதால், பிஸ்டன் ஓரத்தில் ஒரு பகுதியாவது பளபளப்பாகத் தெரியும். பிறகு பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்து லைனர் சுவரைப் பார்க்க வேண்டும். ஆரோக்கியமான சுவரில் கம்பெனியில் ஹோனிங் செய்த (தேய்த்து விட்ட) குறுக்குக் கோடுகள் வலை போல லேசாகத் தெரியும். மேலிருந்து கீழாக நேர்க்கோட்டில் தடித்த கீறல்களோ, அலுமினியம் ஒட்டிய மங்கலான பட்டைகளோ தெரிந்தால் பிஸ்டன் பிடித்திருக்கிறது. அந்தப் படத்தைக் காட்டும் மெக்கானிக் "ஃபுல் எஞ்சின்" என்று சொன்னால் அதற்கு ஆதாரம் இருக்கிறது. நான்கு சிலிண்டரிலும் வலைக்கோடு நன்றாகத் தெரிந்தால், முதலிலேயே ஃபுல் எஞ்சினுக்கு ஒத்துக்கொள்ளக் காரணமே இல்லை.

ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் எழுகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் அடுத்தது. நான்கு பிளக்குகளும் வெளியே இருக்க வேண்டும். பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் த்ராட்டில் மூடியிருந்து எல்லா சிலிண்டரும் பொய்யாகக் குறைத்துக் காட்டும். இன்ஜெக்டர் கனெக்டர்கள் கழன்றே இருக்கட்டும், இல்லையேல் பெட்ரோல் சுவரில் உள்ள எண்ணெயைக் கழுவிவிடும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு அழுத்தம் வரும் வரை சுற்றி, அளவை எழுத வேண்டும். "எல்லாம் நல்லாயிருக்கு சார்" என்ற பதிலை ஏற்காதீர்கள். நான்கு எண்களைத் தாளில் கேளுங்கள்.

இந்த வகைப் பெட்ரோல் எஞ்சின்களில் 170 முதல் 200 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) வரை பொதுவாக வரும். சரியான எல்லை உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். மொத்த அளவைவிட சிலிண்டர்களுக்குள் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். சுமார் 15 பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் இருந்தால் காரணம் தேட வேண்டும். உதாரணமாக 180, 75, 70, 178 என்று வந்தால், அடுத்தடுத்த இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றாக விழுந்திருக்கின்றன. நடுவில் உள்ள கேஸ்கெட் பாலம் எரிந்து ஒரு சிலிண்டரின் அழுத்தம் மற்றொன்றுக்குப் போகிறது. இது ஹெட் வேலையோடு முடியக்கூடியது. ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் விழுந்திருந்தால், பிளக் ஓட்டை வழியே ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயிலை விட்டு மறுபடி அளக்க வேண்டும். எண்ணெய், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே தற்காலிகமாக அடைத்துக்கொள்ளும். எண் நன்றாக ஏறினால் கசிவு ரிங் பக்கம், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். நான்குமே 110, 115 என்று ஒன்றுபோலக் குறைந்து, எண்ணெய் விட்டதும் ஏறினால் சூட்டில் ரிங்குகள் தங்கள் விறைப்பை இழந்திருக்கக்கூடும். அப்போது 75,000 சொன்னவர் பக்கம் நியாயம் சாய்கிறது.

காற்று கம்ப்ரஸர் உள்ள பட்டறை என்றால் லீக் டவுன் டெஸ்டும் செய்யலாம். பிஸ்டனை மேலே, இரண்டு வால்வுகளும் மூடிய நிலையில் நிறுத்தி, பிளக் ஓட்டை வழியே காற்றைக் கொடுத்து எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது இது. பத்து சதவீதம் வரை நல்ல எஞ்சின், முப்பதைத் தாண்டினால் கோளாறு நிச்சயம். இதன் அருமை, காற்று எங்கே போகிறது என்று காதால் கேட்டே சொல்லிவிடலாம். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட்டோ வெடிப்போ. சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் ஃபில்டர் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு. எண்ணெய் ஊற்றும் வாயில் காற்று வந்தால் ரிங்.

கூலிங் சிஸ்டத்தையும் தனியாக அழுத்திப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் நிரப்பி, ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் கைப்பம்பை மாட்டி, மூடியில் அச்சிட்ட அழுத்தம் வரை ஏற்றி, கால் மணி நேரம் விட வேண்டும். பெரும்பாலான மூடிகளில் 0.9 அல்லது 1.1 (பார்) என்று இருக்கும், அது சுமார் 13 முதல் 16 பிஎஸ்ஐ. முள் இறங்கி, வெளியே ஒரு சொட்டும் தெரியாவிட்டால் கசிவு உள்ளேதான். அழுத்தத்தை அப்படியே வைத்துக்கொண்டு கேமராவை இறக்கினால் எந்த சிலிண்டரில் ஈரம் பூக்கிறது என்று கண்ணால் காணலாம்.

இத்தனையிலும் ஒன்றும் பிடிபடாமல், எண்ணெயும் சுத்தமாக இருந்தால் மட்டும் எஞ்சினை ஓட்டிப் பார்க்கலாம். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்துக்குள் மேல் ரேடியேட்டர் ஹோஸ் கல் போல இறுகினால், எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் போகிறது. கூலன்ட் அவ்வளவு சீக்கிரம் சூடாகி அந்த அழுத்தம் வராது. இதை உறுதிப்படுத்த நீல நிறத் திரவம் ஒன்று உண்டு. ரேடியேட்டர் வாயில் வைத்து அங்கிருந்து எழும் காற்றை அதன் வழியே உறிஞ்சினால், கார்பன் டை ஆக்சைடு இருந்தால் மஞ்சளாக மாறும். கூலன்ட் மட்டத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டுச் செய்ய வேண்டும், திரவத்தில் கூலன்ட் கலந்தால் சோதனை வீண்.

இந்தக் கட்டத்தில் யாராவது "லீக் ஸ்டாப் ஊற்றினால் சரியாகிவிடும்" என்றால் மறுத்துவிடுங்கள். சிலிண்டரில் எரியும் வாயுவின் அழுத்தத்தை அது தாங்காது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை மட்டும் அடைத்து வைக்கும்.

ஹெட்டைக் கழற்றுவதாக முடிவானால், கழற்றிய அன்றே போய்ப் பாருங்கள். எரிந்த இடம் கேஸ்கெட்டிலேயே கறுப்புத் தடமாகத் தெரியும். அது இரண்டு சிலிண்டருக்கு நடுவிலா, தண்ணீர் ஓட்டையை நோக்கியா என்று பார்த்து, கம்ப்ரஷன் எண்களோடு பொருந்துகிறதா என்று கேளுங்கள். பொருந்தாவிட்டால் வேறு ஏதோ விட்டுப்போயிருக்கிறது. பிறகு ஹெட்டின் முகத்தைச் சுத்தம் செய்து, நேர்விளிம்புள்ள ஸ்ட்ரெயிட் எட்ஜை நான்கு ஓரங்களிலும் இரண்டு மூலைவிட்டங்களிலும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜை (கனம் குறித்த மெல்லிய தகடுகளை) செருகிப் பார்க்க வேண்டும். பல சிறிய எஞ்சின்களுக்கு அனுமதி 0.05 மி.மீ.தான். 0.05 தகடு நுழைந்தால் ஹெட் வளைந்திருக்கிறது. பலர் ஹெட்டோடு நிறுத்திவிடுகிறார்கள். பிளாக்கின் முகத்தையும் இதே ஆறு திசைகளில் அளக்க வேண்டும். பிளாக் வளைந்திருக்க, ஹெட்டை மட்டும் ஃபேஸிங் செய்து (முகத்தைச் சீவி நேராக்கி) பூட்டினால் சில மாதங்களில் திரும்பவும் இதே கேஸ்கெட் போகும்.

லேத் பட்டறைக்கு ஹெட்டை அனுப்பும்போது ஃபேஸிங் மட்டும் கேட்காதீர்கள். வெடிப்புச் சோதனைதான் முதலில். தண்ணீர் வழிகளைத் தகடு வைத்து அடைத்து, ஹெட்டைச் சுடுநீரில் அமிழ்த்தி, உள்ளே காற்று கொடுத்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது ஒரு முறை. சிவப்புச் சாயம் பூசித் துடைத்து வெள்ளை டெவலப்பர் அடிப்பது இன்னொன்று, வெடிப்பு இருந்தால் சிவப்புக் கோடாக எழும். இரண்டு வால்வு சீட்டுகளுக்கு நடுவே உள்ள குறுகிய பாலத்தைக் குறிப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள். அரைமணி நேரத்தில் எஞ்சின் முழுதாக ஆறியிருக்காது, நீங்கள் ஊற்றிய தண்ணீர் அங்கே வெடிப்பை உண்டாக்கியிருக்கலாம். கடினத்தன்மை அளக்கும் கருவி இருந்தால் அதையும் கேளுங்கள். அலுமினிய ஹெட் வார்த்த பிறகு சூட்டுப்பதம் கொடுக்கப்படுவது. அளவு மீறிச் சூடானால் பதம் இறங்கி உலோகம் மென்மையாகும். அப்படிப்பட்ட ஹெட்டை எவ்வளவு நேராக ஃபேஸ் செய்தாலும் போல்ட்டின் பிடியைத் தாங்காது, மாற்றுவதே வழி. சீவும் அளவுக்கும் வரம்பு உண்டு. அதிகம் சீவினால் கம்ப்ரஷன் ரேஷியோ ஏறி எஞ்சின் தட்டத் தொடங்கும். சில கம்பெனிகள் சீவவே கூடாது என்கின்றன.

ஹெட் வெளியே இருக்கும்போதே எண்ணெய் ஃபில்டரை அறுத்துப் பிரித்துக் காகிதத்தை விரித்துப் பாருங்கள். வெயிலில் மின்னும் துகள்கள் நிறைய இருந்தால் பேரிங்கும் அடி வாங்கியிருக்கிறது, எஞ்சினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியை (ஆயில் பேன்) கழற்ற வேண்டும். வால்வு ஸ்டெம் சீல்கள் சூட்டில் இறுகியிருக்கும். அவற்றை இப்போதே மாற்றிவிடுங்கள், பிறகு நீலப் புகை என்று திரும்ப வர வேண்டாம்.

இனி, எஞ்சின் ஏன் சூடானது? உங்கள் கடிதத்தில் இரண்டு மெக்கானிக்குகளும் இதைப் பற்றிப் பேசியதாகவே இல்லை. காரணம் அப்படியே இருக்க, புது கேஸ்கெட் போட்டால் அடுத்த மலைப் பயணம் வரைதான் தாங்கும். மலை ஏற்றத்தில் வேகம் குறைவு, இழுவை அதிகம், ஏ.சி. வேறு. காற்று தானாக அடிக்காது, எல்லாம் ஃபேனை நம்பித்தான். எனவே முதல் சந்தேகம் ஃபேன்மேல். அதற்கு நேராக 12 வோல்ட் கொடுத்து மோட்டார் சுற்றுகிறதா, ஃப்யூஸ், ரிலே நன்றாக இருக்கின்றனவா என்று பார்க்கலாம். கூலன்ட் சூடானதும் திறந்து அதை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு, வெப்பமானியோடு காய்ச்சிப் பாருங்கள். அதில் அச்சிட்ட 82 அல்லது 88 டிகிரிக்கு அருகே திறக்கத் தொடங்க வேண்டும். கொதித்தும் திறக்காவிட்டால் குற்றவாளி கிடைத்துவிட்டது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுமனே ஓட்டச் சொல்வார்கள், கேட்காதீர்கள். வாட்டர் பம்ப்பின் அடியில் உள்ள சிறு ஓட்டையில் காய்ந்த கூலன்ட் தடம் இருந்தால் சீல் போயிருக்கிறது.

ரேடியேட்டர் மூடியை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதாவது எஞ்சின் வழக்கமாக ஓடும் சூட்டிலேயே. மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் அது கொதிக்காமல் இருக்கிறது. ரப்பர் வெடித்த மூடி மதுரையில் ஒரு வருடம் தொல்லை தராமல் ஓடி, மலையில் கைவிடும். மூடியையும் அதே கைப்பம்பில் மாட்டிச் சோதிக்கலாம். ரேடியேட்டரில் இதுவரை போர்வெல் தண்ணீர் ஊற்றியிருந்தால் குழாய்களுக்குள் சுண்ணாம்பு படிந்திருக்கும். வெளியே எடுத்து ஓட்டம் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் தொட்டி ஓரம் சூட்டில் நெளிந்திருந்தால் புதிது போடுவதே மேல்.

பூட்டும்போது இரண்டு விஷயத்தை வலியுறுத்துங்கள். ஹெட் போல்ட்டுகள் டிகிரிக் கணக்கில் முறுக்கப்படும் வகை என்றால் பெரும்பாலும் புதியவை வேண்டும். பழையது ஏற்கெனவே நீண்டிருக்கும். பிளாக்கில் உள்ள போல்ட் துளைகளில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருக்கக் கூடாது. முறுக்கும்போது உள்ளே சிக்கிய திரவம் பிளாக்கையே வெடிக்க வைக்கும், முறுக்கு அளவைக் காட்டும் டார்க் ரென்ச்சும் பொய்யான அளவு காட்டும். காற்றடித்து உலர்த்திய பிறகே போல்ட் இறங்க வேண்டும்.

இன்சூரன்ஸில் கேட்கலாமா என்று யோசித்தால், வழக்கமான பாலிசி இயந்திரக் கோளாறை ஏற்காது. கூடுதல் கட்டணத்தில் எஞ்சின் பாதுகாப்பு எடுத்திருந்தால் அதன் நிபந்தனைகளைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

மெக்கானிக்கிடம் வேலையை இரண்டு கட்டமாகப் பேசுங்கள். சோதனைகளுக்கும் ஹெட்டைக் கழற்றுவதற்கும் ஒரு கூலி. அளவுகளையும் படங்களையும் பார்த்த பிறகு மீதி வேலைக்கு ஒரு எஸ்டிமேட். வண்டி கைக்கு வந்ததும் கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்துக் காற்றை வெளியேற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள். ஃபேன் இரண்டு தடவை தானாக ஓடி நிற்கும் வரை பட்டறையிலேயே எஞ்சினை ஓடவிடுங்கள். எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தால் புதிதாக ஊற்றிய எண்ணெயையும் ஃபில்டரையும் 500 கி.மீ.க்குள் இன்னொரு முறை மாற்ற வேண்டும். முதல் இரண்டு வாரம் தினமும் காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது, ரிசர்வ் தொட்டியின் மட்டத்தைப் பாருங்கள். முதல் இரண்டு நாளில் கொஞ்சம் இறங்குவது உள்ளே எஞ்சிய காற்று வெளியேறுவதால். அதற்குப் பிறகும் இறங்கிக்கொண்டே போனால், கைப்பம்பை மறுபடி மாட்டச் சொல்லுங்கள்.